540 ஜிபிக்குக் கீழே இறங்க மறுத்த சி டிரைவ்: திருகோணமலைக் கடையொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடை ஒன்று. வலை, தங்கூசி, மிதவை, ஈயக்குண்டு, படகு எஞ்சின் உதிரிப்பாகம் எல்லாம் அங்கே கிடைக்கும். கிண்ணியா, மூதூர் தொடங்கிப் புல்மோட்டை வரை வாடிக்கையாளர்கள் உண்டு. வியாபாரத்தில் பெரும்பங்கு கடனில் நடக்கிறது. தொழில் நன்றாக அமையும் நாட்களில் வந்து அடைப்பார்கள். பில் போடும் கணினி நின்றுவிட்டால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

கணினி பழையது. நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பில் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இன்ஸ்டால் செய்யும் சீடியும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஆகவே “விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம்” என்ற வழி முதலிலேயே அடைபட்டிருந்தது. உள்ளதை உள்ளபடி வேறு டிஸ்குக்கு மாற்றத்தான் வேண்டும்.

கொழும்பில் வேலை செய்யும் முதலாளியின் மகன், கணினி மெதுவாக ஓடுகிறது என்று 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றை வாங்கி வந்திருந்தார். சின்ன டிஸ்குக்கு மாற்றுவதற்கு முன் சி டிரைவைச் சுருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2025 ஜனவரியில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, சி மேல் வலது கிளிக் செய்து, ஷ்ரிங்க் (சுருக்கு) பெட்டியில் 200 என்று போட்டிருக்கிறார். அந்தப் பெட்டி கேட்பது எம்பி கணக்கில், அதுவும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று. சுருக்கிய பிறகு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. விளைவாக 930 ஜிபி சி டிரைவில் 200 எம்பி மட்டும் குறைந்து, பக்கத்தில் கறுப்புத் தலைப்புடன் சின்னத் துண்டு ஒன்று தோன்றியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனது. அடுத்து வந்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டும் இருந்தது. கடையின் யூபிஎஸ் 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. பற்றரி செத்து, பெயருக்குத்தான் இருந்தது. அந்தக் கிழமை கணினி நடு வேலையில் அணைந்திருக்கிறது. பிறகு மகன் திரும்பவும் ஷ்ரிங்க் செய்ய முயன்றபோது, இந்த வொல்யூம் (சி டிரைவ்) பழுதாகியிருக்கலாம், செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டிவிட்டு வாருங்கள் என்ற செய்தி வந்தது. அத்துடன் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, உள்ளே இருக்கிறதே 140 ஜிபிதானாம். 240-க்குள்ளே ஏன் போகாது?” என்று முதலாளி கேட்டார். சரியான கேள்வி. இதற்கான விடைதான் கீழே நீளமாக வருகிறது.

முதலில் பார்த்தவை

240 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு. விண்டோஸ் 1024-ஆல் எண்ணும். அதில் அது 223 ஜிபி. அதே கணக்கில் 1 டிபி 931 ஆகிறது. கணினியைத் தொடக்கும் பூட் பகுதி, விண்டோஸ் பழுதானால் உதவும் மீட்புப் பகுதி எல்லாவற்றையும் சேர்த்து 223-க்குள் அடக்க வேண்டுமென்பதால், சி-ஐ 200-க்குக் கீழே கொண்டுவருவது என்று இலக்கு வைத்தோம்.

டிஸ்கின் அமைப்பு வழக்கமான ஜிபிடி அமைப்பு. முன்னால் சிறிய பூட் பகுதி, பிறகு சி, மகன் உண்டாக்கிய 200 எம்பி வெற்றுத் துண்டு, கடைசியில் அரை ஜிபி அளவிலான மீட்புப் பகுதி. சி-இல் உண்மையில் நிரம்பியிருந்தது 138 ஜிபி. பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) போட்டிருக்கிறதா என்றும் பார்த்தோம், போடவில்லை. போட்டிருந்தால் வெளியிலிருந்து பூட் செய்து சுருக்கும் கருவிகள் அந்தப் பிரிவைத் தொடவே மாட்டா. புதிய விண்டோஸ் 11 லப்டொப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இது போடப்பட்டிருக்கலாம். மீட்புச் சாவி கையில் இல்லாமல் அப்படியான ஒன்றில் கை வைக்கக்கூடாது.

அதன் பிறகு டிஸ்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் நீல நிறத்தில் ‘நல்லது’ என்று காட்டியது. பழுதாகி மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) இல்லை, ஒதுக்கக் காத்திருக்கும் செக்டரும் இல்லை. இது மஞ்சளாக இருந்திருந்தால் சுருக்கும் பேச்சை அங்கேயே நிறுத்தியிருப்போம். பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) சுருக்குவதென்றால் டிஸ்கின் பின்பகுதியில் கிடப்பதையெல்லாம் படித்து முன்பகுதியில் எழுதுவது. சாகக் கிடக்கும் டிஸ்கிடம் அந்த வேலையை வாங்கினால் அது நம் கையிலேயே போய்விடும்.

தொடுவதற்கு முன்

முழு டிஸ்கையும் இமேஜாக, அதாவது உள்ளபடியே ஒரே கோப்பு வடிவப் பிரதியாக, ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்தோம். பில் மென்பொருளின் தரவுக் கோப்புறையைத் தனியாக ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்தோம்.

இமேஜ் எடுத்தாகிவிட்டது என்று மென்பொருள் சொல்வதை நாங்கள் போதுமென்று எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கடைக் கணினியில் அந்த இமேஜைத் திறந்து, தரவுக் கோப்புறையை வெளியே எடுத்தோம். கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா எண்ணைச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்: முந்தின நாளின் கடைசி பில், அதற்கு முந்தின மாத முடிவின் கடைசி பில், பிறகு குச்சவெளிப் படகுக்காரர் ஒருவரின் கடன் கணக்கு. அவர் பெயரில் நிற்கும் தொகை, அக்கா தன் கையால் எழுதி வைத்திருக்கும் சிவப்பு மட்டைக் கொப்பியில் இருந்ததுடன் ஒத்துப்போனது. அதற்குப் பிறகுதான் டிஸ்கில் கை வைத்தோம்.

செக்டிஸ்க்

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சி டிரைவைத் திருத்த முடியாது. அடுத்த முறை பூட் ஆகும்போது திருத்தட்டும் என்று பதிவு செய்து ரீஸ்டார்ட் கொடுத்தோம். சுழலும் டிஸ்க் ஆகையால் நீண்ட நேரம் எடுத்தது. எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத சில கிளஸ்டர்கள் (விண்டோஸ் டிஸ்கைப் பிரித்து எண்ணும் சிறு துண்டுகள்), ஒன்றிரண்டு தவறான இன்டெக்ஸ் பதிவுகள் என்று சில்லறைப் பிழைகளைத் திருத்தியது. தரவு எதுவும் போகவில்லை. செய்தியும் மறைந்தது.

இப்போது ஷ்ரிங்க் பெட்டி திறந்தது. குறைக்கக்கூடிய அளவு என்று சுமார் 4 லட்சம் எம்பி காட்டியது, அதாவது 390 ஜிபி. 790 ஜிபி காலியாகக் கிடக்கும்போது 390 மட்டும் தருகிறது. சி 540-க்குக் கீழே இறங்காது என்பது அதன் பொருள்.

எது வழியை மறிக்கிறது

இந்த இடத்தில் பலர் செய்வது, இணையத்தில் கிடைக்கும் எட்டுப் பத்து வைத்தியங்களையும் ஒரேயடியாகச் செய்வது. அது சில வேளை பலிக்கும். ஆனால் எது எதற்காக அணைக்கப்பட்டது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது; ரீஸ்டோர் பொயின்ட் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) நிரந்தரமாக அணைந்தபடியே கிடக்கும் கணினிகள் எங்களிடம் நிறைய வருகின்றன.

ஷ்ரிங்க் பெட்டியில் வரும் எண்ணுக்கும் காலியிடத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பார்ட்டிஷனைப் பின்னாலிருந்துதான் வெட்ட முடியும். பின்னாலிருந்து முன்னோக்கி வரும்போது, விண்டோஸால் நகர்த்த முடியாத கோப்பு எங்கே முதலில் எதிர்ப்படுகிறதோ அங்கே வெட்டு நின்றுவிடும். அதற்கு முன்னால் எத்தனை நூறு ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. பஸ்ஸில் முன்சீட்டெல்லாம் காலியாக இருந்தும் கடைசி சீட்டில் ஒருவர் எழும்ப மறுக்கிறார் என்றால் பின்பக்கத்தைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான்.

எழும்ப மறுப்பவர் யார் என்பதை விண்டோஸே எழுதி வைக்கிறது. ஷ்ரிங்க் பெட்டியைத் திறந்து அது கணக்குப் பார்த்து முடிந்ததும், ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் இடம்) அப்ளிகேஷன் பதிவுக்குள் போய் 259 என்ற எண்ணைத் தேட வேண்டும். மூலம் என்ற இடத்தில் டிஃப்ராக் என்றிருக்கும். அதற்குள் ‘கடைசி நகர்த்த முடியாத கோப்பு’ என்று ஒரு பெயரும், அது முடியும் கிளஸ்டரின் முகவரியும் இருக்கும்.

முதலில் காட்டியது சிஸ்டம் வொல்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறைக்குள் இருந்த ஒன்றை. ரீஸ்டோர் பொயின்ட்கள் அங்கேதான் கிடக்கும். சிஸ்டம் புரொடெக்ஷனை அணைத்து, இருந்த பொயின்ட்களை அழித்தோம். முழு இமேஜ் கையில் இருந்ததால் இதில் தயக்கம் இருக்கவில்லை. எண் கொஞ்சம்தான் அசைந்தது. மகனுக்கு ஏமாற்றம். ஆனால் 259 பதிவு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லும், ஆகக் கடைசியில் இருப்பதை மட்டும். அதை எடுத்துவிட்டால் அதற்கு முன்னால் இருப்பதன் பெயரைச் சொல்லும். திரும்பவும் பெட்டியைத் திறந்து, திரும்பவும் பதிவைப் படிக்க வேண்டும்.

அடுத்த பெயர் பேஜ்ஃபைல், அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு. இதைத் தற்காலிகமாக இல்லாமல் ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால்தான் போகும். ஒரே ரீஸ்டார்ட்டில் முடியட்டும் என்று ஹைபர்நேஷனையும் (ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதி வைத்து அணையும் வசதி) பவர்சிஎஃப்ஜி கட்டளையால் நிறுத்தினோம். ஒன்றொன்றாகச் செய்யும் வழக்கத்திலிருந்து இங்கே மட்டும் விலகினோம். ஹைபர்நேஷன் எப்படியும் பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும் என்பது தெரிந்ததே. அதை நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து நின்றுவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும்.

இந்த முறை பலன் தெரிந்தது. 560 ஜிபி வரை குறைக்கலாம் என்றது. சி 370-க்கு இறங்கும்.

மூன்றாவது பெயர் யுஎஸ்என் ஜேர்னல். டிஸ்கில் எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எழுதி வைக்கும் பதிவு அது. எஃப்எஸ்யூடில் கட்டளையால் அதை அழிக்கலாம். தேவையான மென்பொருள்கள் பிறகு தாமாகவே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். தேடல் இன்டெக்ஸும், மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப் மென்பொருள்களும் ஒருமுறை எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும், அது ஒன்றுதான் நட்டம். அழித்தோம். இடையில் ஓர் இரவு, காலியிடத்தை ஒன்று சேர்க்கும் டிஃப்ராகையும் ஓடவிட்டோம். சி 320 வரை இறங்கக்கூடிய நிலைக்கு வந்தது.

320-இல் நின்றது

நான்காவது முறை 259 பதிவில் வந்த பெயர் எம்எஃப்டி. கிளஸ்டர் முகவரி, பள்ளிக்கூட ஐசிடி புத்தகத்தில் வரும் பதினறும எண்ணில், கிட்டத்தட்ட 5000000. நம்முடைய எண்ணுக்கு மாற்றினால் சுமார் 8 கோடியே 39 லட்சம் கிளஸ்டர். ஒவ்வொன்றும் 4 கேபி என்பதால் பெருக்கினால் 320 ஜிபி வரும். பெட்டி சொன்ன எண்ணும் பதிவு சொன்ன முகவரியும் பொருந்திவிட்டன. வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை.

எம்எஃப்டி என்பது என்டிஎஃப்எஸ் டிஸ்கின் பேரேடு. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வழக்கமாக 1 கேபி அளவில் ஒரு பதிவு உண்டு. சில நூறு பைட் மட்டும் உள்ள குட்டிக் கோப்பென்றால் அதன் உள்ளடக்கமே அந்தப் பதிவுக்குள் அடங்கிவிடும். இந்தப் பேரேடு டிஸ்கின் முன்பகுதியில்தான் தொடங்கும். ஆனால் ஒதுக்கிய இடம் நிரம்பினால் டிஸ்கில் வேறெங்காவது இடம் பிடித்துத் தொடரும். இந்தக் கணினியில் அது ஏன் இவ்வளவு தூரம் பரந்தது என்று தரவுக் கோப்புறையைத் திறந்தபோது விளங்கியது. பில் மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக ஒரு குட்டிக் கோப்பு எழுதி வைக்கிறது. இத்தனை வருட பில்லும் அப்படியே இருந்தன, லட்சக்கணக்கில்.

“அப்ப பழைய பில்லெல்லாத்தையும் அழிச்சா சரிதானே?” என்று அக்கா கேட்டார். இல்லை. கோப்பை அழித்தால் பேரேட்டில் அந்த வரி காலியாகும், அடுத்து வரும் கோப்பு அதில் எழுதப்படும். பேரேடு தானாகச் சிறுப்பதில்லை. பில்லும் போய், இடமும் கிடைக்காமல் போகும்.

முடிவெடுத்த விதம்

விண்டோஸுக்குள் இருந்து இதற்கு மேல் முடியாது என்பது தெளிவானதும் முதலாளியையும் மகனையும் இருத்திப் பேசினோம்.

480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குவது ஒரு வழி. விண்டோஸ் கணக்கில் அது 447 ஜிபி. 320-இல் நிற்கும் சி அதற்குள் தாராளமாக அடங்கும். எங்களைக் கேட்டால் இதுதான் நல்ல வழி என்று சொன்னோம், காரணமும் சொன்னோம்: மேற்கொண்டு ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் 240-ஐத் திருப்பிக் கொடுக்கும் தவணை தாண்டியிருந்தது. இரண்டாவது டிஸ்குக்குக் காசு போட முதலாளிக்கு மனமில்லை. அவருடைய காசு, அவருடைய முடிவு.

மற்றது, கணினியை லினக்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு சுருக்குவது. அந்த நேரம் விண்டோஸ் ஓடாததால் பேஜ்ஃபைல், எம்எஃப்டி எதுவும் பூட்டப்பட்டிருக்காது; எல்லாவற்றையும் நகர்த்தலாம். இதில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து நடுவில் கரண்ட் போவது. எம்எஃப்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் அந்தப் பார்ட்டிஷனை மீட்பது சந்தேகம். பிறகு இமேஜ்தான் கதி.

சின்ன டிஸ்குக்கு மாற்றும்போதே சுருக்கித் தரும் குளோன் (டிஸ்கை நகலெடுக்கும்) மென்பொருள்களும் உண்டு. எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றை இப்படியான கணினியில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்க விரும்பவில்லை.

ஜிபார்ட்டெட் என்று முடிவானது. நாங்கள் விதித்த நிபந்தனை ஒன்று: யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்ட பிறகுதான். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் போட்டார். மொனிட்டர், பிரின்டர் இரண்டையும் சுவர்ப் பிளக்குக்கு மாற்றி, யூபிஎஸ்ஸில் கணினிப் பெட்டி மட்டும் இருக்கும்படி செய்து, பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். பக்கத்துக் கடைக்காரரின் ஜெனரேட்டரை இழுத்து வருவதற்குப் போதிய நேரம் இருந்தது. அவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை

கடை பூட்டியிருக்கும் நாளில் தொடங்கினோம். ஜிபார்ட்டெட் சி-ஐ மஞ்சள் முக்கோணத்துடன் காட்டி, சுருக்க மறுத்தது. டிஸ்க் சீராக இல்லை, விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டி இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வா என்றது. விசாரித்தபோது, முந்தின நாள் கடை பூட்டும் அவசரத்தில், விண்டோஸ் முழுதாக அணைவதற்கு முன்பே கடைப்பையன் யூபிஎஸ் பட்டனை அமத்திவிட்டது தெரியவந்தது. அந்த மறுப்பு நியாயமானது. கட்டாயப்படுத்தி முன்னே போகும் வழிகள் இருக்கின்றன, போகவில்லை. விண்டோஸுக்குத் திரும்பி, செக்டிஸ்க் ஓட்டி, சொன்னபடியே இரண்டு முறை பூட் செய்து, முழுதாக அணைத்துவிட்டு வந்தோம். முக்கோணம் இல்லை.

ஆகக் குறைந்த அளவாக 141 ஜிபி காட்டியது. அதுவரைக்கும் இறக்கத் தேவையில்லை. இறுக்கிப் பிடித்தால் நகர்த்த வேண்டிய தரவும் கூடும், நேரமும் கூடும். 190 ஜிபி, அதாவது 194560 எம்பி என்று கொடுத்தோம்.

முதலில் சரிபார்ப்பு, பிறகு ஒத்திகை, பிறகுதான் உண்மையான நகர்த்தல். சதவீதம் ஊர்ந்துகொண்டே போனது. ஒருமுறை கரண்ட் சிமிட்டி யூபிஎஸ் கத்தியது. சில விநாடிகளில் திரும்பி வந்துவிட்டது. மதியம் தாண்டி முடிந்தது.

பென் டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸுக்குள் போகும்போது அது தானாகவே செக்டிஸ்க் ஓட்டியது. ஜிபார்ட்டெட் சுருக்கிய பிறகு அப்படி ஓட வேண்டும் என்று குறித்து வைக்கும். எதையாவது அமத்தினால் தவிர்க்கலாம் என்று திரையில் வரும். மகனின் கை விசைப்பலகைக்குப் போனது, வேண்டாம் என்றோம். பிழையின்றி முடிந்தது. சி 190 ஜிபி.

எஸ்எஸ்டிக்கு மாற்றியது

மீட்புப் பகுதி இன்னும் 1 டிபி டிஸ்கின் கடைசி முனையிலேயே கிடந்தது. சி-ஐச் சுருக்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் குளோன் செய்யப் போகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வதுண்டு. 930 ஜிபிக்கு அப்பால் ஒரு பகுதி இருக்கும் வரை அந்த டிஸ்க் 223-க்குள் அடங்காது. ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை நிறுத்தினோம். அப்போது அதன் கோப்பு சி-க்குள் திரும்பி வந்துவிடும். வந்ததா என்று பார்த்த பிறகு பழைய மீட்புப் பகுதியை அழித்தோம்.

பிறகு பூட் பகுதியையும் சி-ஐயும் எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தோம். முதல் பூட்டுக்கு முன் பழைய டிஸ்கின் வயரைக் கழற்றினோம். குளோன் செய்த இரண்டு டிஸ்க்கும் ஒரே அடையாள எண்ணுடன் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பொருத்தி ஓடவிட்டால் விண்டோஸ் ஒன்றை முடக்கலாம், அல்லது எதிலிருந்து பூட் ஆகிறது என்றே தெரியாமல் போகலாம்.

எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் எழுந்தது. எங்களுக்கு மனதுக்குள் இருந்த பயம் பில் மென்பொருளைப் பற்றியது. பதிவு எண் கேட்டால் எங்கே போவது? கேட்கவில்லை. அது சி வொல்யூமின் தொடர் எண்ணைப் பார்த்து அடையாளம் காணும் வகை என்று பிறகு கண்டுபிடித்தோம். குளோன் செய்யும்போது அந்த எண் மாறுவதில்லை. ஃபார்மட் செய்து கோப்புகளை மட்டும் பிரதி எடுத்திருந்தால் மாறியிருக்கும்.

எஸ்எஸ்டியின் கடைசியில் 1 ஜிபி அளவில் புதிய மீட்புப் பகுதி ஒன்றை அமைத்து, மீட்புச் சூழலைத் திரும்ப இயக்கினோம். அளவைக் கூட்டியதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் வந்த மீட்புச் சூழலுக்கான பாதுகாப்பு அப்டேட், அந்தப் பகுதியில் 250 எம்பி காலியாக இல்லாத கணினிகளில் 80070643 என்ற பிழையுடன் தோற்றது. இந்தக் கணினியின் அப்டேட் வரலாற்றிலும் அந்தப் பிழை வரிசையாக நின்றது.

பின்னர்

பேஜ்ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே திரும்ப விட்டோம். சிஸ்டம் புரொடெக்ஷனை இயக்கி, புதிதாக ஒரு ரீஸ்டோர் பொயின்ட் போட்டோம். ஹைபர்நேஷனை அணைத்தபடியே விட்டோம். மேசைக் கணினிக்கு, அதுவும் எஸ்எஸ்டி போட்ட பிறகு, அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சி-க்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து விரித்துவிட்டு, மீதியை வெறுமையாக விட்டோம்.

திங்கட்கிழமை காலை அக்கா முதல் பில்லைப் போட்டார். வழக்கமாக அவர் கணினியைப் போட்டுவிட்டு வாசலைக் கூட்டி, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி வைத்துவிட்டு வருவார், அப்போதும் அது தயாராகியிருக்காது. இப்போது விளக்குமாற்றை எடுக்கும் முன்பே திரை வந்துவிடுகிறது என்றார். மாத முடிவுக் கணக்கு சரியாக வந்தது. அப்டேட் பிழையும் பிறகு வரவில்லை.

பழைய டிஸ்கைக் கண்காணிப்புக் கமராவுக்குப் போடலாமா என்று முதலாளி கேட்டார். சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் முடிந்து, அந்த மாதக் கணக்கும் சரியாக முடியும் வரை பொறுக்கச் சொன்னோம்.

அடுத்த முறை மாற்றுவது

டிஸ்க் வாங்குவதற்கு முன் ஷ்ரிங்க் பெட்டியைத் திறந்து பார்ப்பது. காசு செலவில்லை, எதுவும் மாறாது, பார்த்துவிட்டு ரத்து செய்துவிடலாம். நிரம்பியிருக்கும் அளவை வைத்து எஸ்எஸ்டி வாங்கியதில் தொடங்கியதுதான் இத்தனையும். குட்டிக் கோப்புகளை லட்சக்கணக்கில் எழுதும் மென்பொருள் உள்ள கணினி என்றால் எம்எஃப்டியில் போய் முட்டும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

சுருக்கும் நாளுக்கு முந்தின மாலை கணினியை நாங்களே அணைப்பது. ஞாயிறு காலை பாதி நேரம் அதில்தான் போனது.

யூபிஎஸ் சோதனை முதல் நாளிலேயே நடந்திருக்கலாம். செக்டிஸ்க்கும் டிஃப்ராகும் ஓடிய இரவுகளில் செத்த பற்றரிதான் இருந்தது. அப்போது கரண்ட் போகாதது அதிர்ஷ்டம்.

தீராமல் நிற்பது ஒன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். இந்த ஐ3 அதற்குள் வராது. பில் மென்பொருளை எழுதியவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி பில்லுக்கு மட்டும் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். மகன் தேடுகிறார். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.